எதிர்ப்பைக் கேட்பதும் அவை மாண்பே

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25ஆம் தேதி, அரசமைப்புச் சட்ட வரைவின் மீது உரையாற்றிய டாக்டர் அம்பேத்கர், தம்மை ஓயாது எதிர்த்து வாதிட்ட உறுப்பினர்களுக்கு நன்றி கூறினார். எச்.வி. காமத், கே.டி. ஷா, தாகூர் தாஸ் பார்கவா, ஹிருதயநாத் குன்ஸ்ரு என்று அவர்களைப் பெயர் சொல்லியே பாராட்டினார். எல்லோரும் தலையாட்டியிருந்தால் சபை நடவடிக்கைகள் சுவையற்றுப் போயிருக்கும். அவர்களது யோசனைகளைத் தாம் ஏற்காததால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது என்பதே அன்று அவர் கூறியதன் சாரம்.

அந்த வரைவுக்கு அளிக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. ஆட்சிமொழிப் பிரச்னையில் கசப்பு உச்சத்தைத் தொட்டது. இறுதியில் முன்ஷி - ஐயங்கார் சமரசத்தில் வாதம் முடிந்தது. அந்தச் சமரசம் தமிழகத்துக்கு நிறைவளிக்கவில்லை என்பதை 1965ஆம் ஆண்டின் போராட்டம் உணர்த்தியது. ஆயினும் எதிர்த்தவர்களின் வாதம் முழுமையாகக் கேட்கப்பட்டது, பதிவும் செய்யப்பட்டது. பிற்காலப் போராட்டங்களுக்கு அந்தப் பதிவே சான்றாக நின்றது.

அத்தகைய சபையின் வழிவந்த நாடாளுமன்றத்தில், மாறுபட்ட கருத்துக்கு இன்று என்ன இடம் இருக்கிறது?

2023 டிசம்பர் 13ஆம் தேதி மக்களவைக்குள் இருவர் அத்துமீறிக் குதித்தனர். அது குறித்து உள்துறை அமைச்சர் விளக்கமளிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோரின. பதாகைகளுடன் அவையின் மையப் பகுதியில் முழக்கமிட்டனர். இரு அவைகளிலும் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர்க்கட்சி இருக்கைகள் பெருமளவு காலியாக இருந்த நிலையில், நாட்டின் குற்றவியல் சட்டங்களை அடியோடு மாற்றும் மூன்று மசோதாக்கள் நிறைவேறின.

இது ஒரு கட்சிக்கு மட்டுமே உரிய குற்றம் அல்ல. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் கூட்டுக்குழு விசாரணை கோரி, 2010 குளிர்காலத் தொடரை ஏறத்தாழ முழுமையாக முடக்கியது அன்று எதிர்க்கட்சியாக இருந்த பாஜக. அன்று அவை மாண்பைப் பற்றிப் பேசிய காங்கிரஸ் பின்னர் மையப் பகுதிக்கு வந்தது. அன்று முழக்கமிட்ட பாஜக இன்று மாண்பைப் பற்றிப் பேசுகிறது. இருக்கை மாறும்போது நியாயமும் மாறிவிடுகிறது.

உறுப்பினர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு விதிகள் இல்லாமல் இல்லை. மற்றொரு உறுப்பினர் மீது தனிப்பட்ட குற்றச்சாட்டு கூறக் கூடாது என்கிறது மக்களவை விதி 352. அவதூறான குற்றச்சாட்டு எதையும் முன்னறிவிப்பின்றி எழுப்பக் கூடாது என்கிறது விதி 353. எதிரே அமர்ந்திருப்பவரை நோக்கிப் பேசாமல் அவைத் தலைவரை நோக்கியே பேச வேண்டும் என்ற மரபும் வெறும் சடங்கு அல்ல. சினத்தில் பிறக்கும் சொல் எதிராளியைச் சென்றடையும் முன், நடுவர் ஒருவரைக் கடந்து செல்ல வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அந்த மரபு சிதைந்ததன் அடையாளம்தான் 2023 செப்டம்பரில் நடந்தது. புதிய கட்டடத்தின் முதல் கூட்டத்தொடரிலேயே, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் சக உறுப்பினரை அவரது மதத்தைச் சுட்டி இழிவுபடுத்தினார். அந்தச் சொற்கள் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. நாட்டின் நினைவிலிருந்து நீக்கப்படவில்லை.

ஆனால், கண்ணியத்தைக் கடைப்பிடியுங்கள் என்று உபதேசிப்பதால் மட்டும் அவை அமைதி பெறாது. பேச வாய்ப்பு உண்டு, பேசினால் பயன் உண்டு என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் கண்ணியம் நிலைக்கும். வேளாண் சட்டங்களின் வரலாறே இதற்குச் சாட்சி. அந்த மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படவில்லை. 2020 செப்டம்பர் 20ஆம் தேதி மாநிலங்களவையில், வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமல், கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் அவற்றில் இரண்டு நிறைவேறின. விதிப் புத்தகத்தைக் கிழிக்க முயன்றதும் ஒலிவாங்கிகளை உடைத்ததும் எவ்வகையிலும் நியாயம் அல்ல. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவைக்குள் கேட்கப்படாத எதிர்ப்பு டெல்லியின் எல்லைகளில் ஓராண்டு முகாமிட்டது. 2021 நவம்பர் 29ஆம் தேதி, அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் விவாதம் இன்றியே நிறைவேறியது!

கருத்து வேறுபாட்டை ஆக்கப்பூர்வமாக மாற்றுவதற்கு என்றே உருவாக்கப்பட்டவை 1993இல் அமைந்த துறைசார் நிலைக்குழுக்கள். அங்கே தொலைக்காட்சிக் கேமராக்கள் இல்லை. கட்சிக் கொறடாவின் கட்டளையும் இல்லை. சாட்சியங்களைக் கேட்டு, உடன்படாதவர் தமது எதிர்ப்புக் குறிப்பை அறிக்கையுடன் இணைக்கலாம். 15ஆவது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களின் பரிசீலனைக்குச் சென்றன. 17ஆவது மக்களவையில் பத்தில் இரண்டுகூடச் செல்லவில்லை. குழு அறைகளுக்கும் இப்போது நோய் பரவியிருக்கிறது. வக்பு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவிலிருந்து, 2025 ஜனவரியில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர் ஒரு நாள் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

பரிகாரம் எட்டாத உயரத்தில் இல்லை. முக்கிய மசோதாக்கள் அனைத்தும் நிலைக்குழுவுக்குச் செல்வது விதியாக வேண்டும். ஓர் உறுப்பினர் கோரினாலும் வாக்குகள் எண்ணப்பட வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருப்பதுபோல், எதிர்க்கட்சிகள் தேர்ந்தெடுக்கும் பொருளை விவாதிக்க ஒவ்வொரு தொடரிலும் நாட்கள் ஒதுக்கப்பட வேண்டும். மக்களவைத் துணைத் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு அளிக்கப்படும் வழக்கம் மீட்கப்பட வேண்டும். 17ஆவது மக்களவை தன் ஐந்தாண்டுக் காலத்தையும் துணைத் தலைவர் இல்லாமலேயே முடித்துக்கொண்டது.

இவற்றை அரசு ஏற்குமானால், எதிர்க்கட்சிகளுக்கும் ஒரு கடமை உண்டு. பதாகைகளை வெளியே வைத்துவிட்டு, ஆட்களைத் தாக்காமல் மசோதாவின் பிரிவுகளைத் தாக்க அவர்கள் முன்வர வேண்டும். முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது, பெரும்பான்மையும் அவையின் நேரமும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்கள்தான். அவர்களும் ஒருநாள் எதிர்வரிசையில் அமர வேண்டியிருக்கும்.