சிருஷ்டியும் சயன்சும்: பேச்சை மாற்றியது யார்?

கிறிஸ்துவ வேதத்துக்கும் சயன்சுக்கும் சண்டையே இல்லையென்றும், இரண்டும் ஒரே உண்மையை இரண்டு விதமாய்ச் சொல்லுகின்றன என்றும் பாதிரிமார்கள் சிலரும், படித்த கனவான்கள் சிலரும் பேசி வருகிறார்கள். நாம் கேட்பது ஒன்றே. இரண்டுக்கும் வழக்கு வந்தபோதெல்லாம் பேச்சை மாற்றிக் கொண்டது யார்?

1650-ல் அயர்லாந்து ஆர்ச்பிஷப் ஜேம்ஸ் அஷர் என்பவர், பைபிளிலுள்ள வம்ச வரிசைகளைக் கொண்டு கணக்குப் போட்டு, உலகம் கி.மு. 4004-ல் சிருஷ்டிக்கப்பட்டது என்று எழுதினார். அந்த வருஷம் இங்கிலீஷ் பைபிள்களின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டு வந்தது. பிறகு பாறை அடுக்குகளை ஆராய்ந்தவர்கள் இக்கணக்குச் செல்லாது என்றார்கள். 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன், விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி வருஷம் என்று காட்டினார்.

இதற்குச் சமாதானம் என்ன? “வேதத்தில் நாள் என்றால் 24 மணி நேரமல்ல, ஒரு யுகம்” என்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஆதியாகமத்தின்படி செடி கொடிகள் மூன்றாம் நாள், சூரியன் நாலாம் நாள். அப்படியானால் சூரியனே இல்லாமல் ஒரு யுகம் முழுவதும் செடி கொடிகள் வளர்ந்தனவா? யோசித்துப் பாருங்கள்.

“பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமெத்ர் ஒரு பாதிரியார்தானே?” என்று கேட்கலாம். ஆம், பாதிரியார்தான். ஆனால் அவர் 1927-ல் அதைக் கண்டது ஐன்ஸ்டைனின் கணக்கிலேயொழிய ஆதியாகமத்திலல்ல. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இப்புதிய ஆராய்ச்சியைச் சிருஷ்டிக்குச் சாட்சியாகக் காட்டியபோது, லெமெத்ரே அதை விரும்பவில்லை.

இது வெறும் வாய்ச் சண்டையுமல்ல. 1925-ல் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில், மனிதன் கீழ்ப் பிராணிகளிலிருந்து வந்தான் என்று பள்ளியில் போதித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் போடப்பட்டது. மேல் கோர்ட்டு 1927-ல் அத்தீர்ப்பைத் தள்ளிய போதிலும், அந்தச் சட்டம் மட்டும் 1967 வரை ரத்தாகவில்லை. அதுவரை படித்த பிள்ளைகள் இழந்த அறிவுக்கு எந்தச் சபை ஈடு கொடுக்கும்?

அதிகாரம் உள்ள இடத்தில் அபராதம். அதிகாரம் போன இடத்தில் “எல்லாம் உவமை” என்கிற வியாக்கியானம்! தோழர்களே, இனி யாராவது இரண்டும் ஒன்றே என்று சொன்னால், வேதத்தைப் பார்த்துச் சயன்சு திருத்திக்கொண்ட கணக்கு ஒன்றையாவது காட்டும்படி கேளுங்கள்.