பனை வரிசைக்கு மேற்கு

அப்பா இறந்து ஏழு மாதமாகியும் அந்தத் தகரப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று பட்டியலைக் கேட்டாலே அலுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியின்றி உட்கார்ந்தேன். எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

என்னை அப்படிப் பிடித்து வைத்தது 1961இல் தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம். எழுத்தரின் கூட்டெழுத்து கண்ணுக்குப் பழகவே அரைமணி ஆயிற்று. நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ஓர் அடுக்கு: புதையலும் தண்ணீரும் மரமும் கல்லும் உட்பட விற்றுவிட்டேன் என்று அர்த்தம். விஜயநகரக் காலத்துச் சாசனங்களில் வருகிற உரிமைகள் இவை. மானாவாரிப் புஞ்சை ஒன்றுக்கும் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறார் எழுத்தர்.

அப்புறம் சக்குபந்தி. பனை வரிசைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு, பங்காளி ஒருவர் புஞ்சைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் ஏக்கர் 1.32. நம் நிலத்துக்குக் கிழக்கே பனை நிற்கிறது என்று பத்திரம் சொல்வதில்லை. பனைக்கு மேற்கே நாம் இருக்கிறோம் என்கிறது. அக்கம்பக்கத்தை முதலில் ஊன்றிவிட்டு, நடுவில் நமக்கு இடம் காட்டுகிறது. இது பிடிபட்ட பிறகு பென்சிலால் ஒரு படம் வரைந்தேன்.

பட்டாவை எடுத்தால் வேறு எண். 1980களில் நடந்த யூடிஆர் என்கிற நில ஆவணப் புதுப்பிப்பில் உட்பிரிவு மாறியிருந்தது. ஏக்கரும் சென்ட்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்திருந்தன. ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். 132 சென்ட்டை வகுத்தேன்: 53.4 ஏர். பட்டாவில் இருந்தது 0.53.50. இருபது வருட இடைவெளியில் இரண்டு பேர் தனித்தனியாக எழுதிய கணக்கு என் மேஜையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது. வாய்விட்டு “சரியா இருக்கு” என்றேன். அப்பா இறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

மறு வாரம் படத்தோடு ஊருக்குப் போனேன். பக்கத்துக் காட்டுப் பாட்டியிடம் பனை வரிசை எங்கே என்று கேட்டேன்.

“பதினேழு நின்னுச்சு சாமி. எல்லாஞ் சூளைக்குப் போச்சு. அந்தா, ரெண்டு மிச்சம்.”

அந்த இரண்டுக்கும் நேராக நடந்தோம். வேலிக்கருவைக்குள் எல்லைக்கல் இருந்தது. பாட்டி அதன் தலையில் கைவைத்து மண்ணைத் தள்ளிவிட்டாள்.

அம்மா முன்பே போய்விட்டதால், 1956ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கும் தங்கைக்கும் சம பங்கு. வடபாதி எனக்கு, தென்பாதி அவளுக்கு என்று பேசி முடித்து, பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நகல் எழுதினோம். என் பங்கின் சக்குபந்தியை எழுத்தர் வாசித்தார். வண்டிப்பாதைக்குத் தெற்கு, பங்காளி புஞ்சைக்குக் கிழக்கு. அடுத்து தங்கை பெயரைச் சொல்லி, அவள் பாகத்துக்கு வடக்கு என்றார். எதிரே உட்கார்ந்திருந்த தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

கிழக்கே என்ன போடட்டும் என்று கேட்டார். பனை வரிசைக்கு மேற்கு என்றே போடச் சொன்னேன்.