மின் மிதிவண்டி நமக்கு ஏற்றதா?

நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் இப்பொழுது புதுவிதமான வண்டி ஒன்று நிற்கிறது. பார்வைக்கு நம் பழைய லேடீஸ் சைக்கிள்தான். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குறுக்குக் கம்பி கிடையாது. காலைத் தூக்கிப் போடாமல் நடந்து நுழைவது போல ஏறிக்கொள்ளலாம். ஆனால் பின்சக்கரத்தின் நடுவில் சிறு சட்டி போல ஒரு மோட்டாரும், சீட்டின் அடியில் செங்கல்லைவிடச் சற்று நீளமான ஒரு பேட்டரியும் இருக்கின்றன. மின் மிதிவண்டி என்று நாங்கள் எழுதினாலும் ஊரில் எல்லாரும் சொல்லும் பெயர் பேட்டரி சைக்கிள். பொதுத்தேர்வுக்கு அடுத்தபடியாக எங்கள் பத்தாம் வகுப்பில் இவ்வாண்டு அதிகம் அடிபட்ட பேச்சு இதுவே. வாங்கலாம் என்று ஒரு கட்சி, வீண் ஆடம்பரம் என்று ஒரு கட்சி. இரு கட்சியாரும் பேசிப் பேசி ஒருவாறு வந்து சேர்ந்த அபிப்பிராயத்தை அருட்சகோதரிகள் முன்னும் பெற்றோர் முன்னும் வைக்கிறோம்.

முதலில் அந்தக் குறுக்குக் கம்பியைப் பற்றி. இது அற்ப விஷயமன்று. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான சைக்கிளைச் செய்தார். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் ஏற வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்குள்ளேயே குறுக்குக் கம்பியை வளைத்துத் தாழ்த்தினார்கள். அன்று தொடங்கிய வடிவமே நம் வீட்டு லேடீஸ் சைக்கிள். அது கிடைக்காத இடங்களில் நம் பெண்கள் சும்மா இருந்தார்களா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே ஏறிப் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். நம் அம்மாக்களில் பலரும் அண்ணன்மாருடைய வண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களே. கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஆகவே சைக்கிள் ஓட்டத் தெரியாததால் நாங்கள் அதை விடுவதில்லை. எட்டாம் வகுப்பு வரை ஓட்டி வந்தவர்கள் ஒன்பதில் குறைகிறார்கள், பத்தில் இன்னும் குறைகிறார்கள். "பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி ஆட்டோவில் போ" என்பது ஒரு காரணம். பையின் கனம் இன்னொரு காரணம். மாலையில் டியூஷனும் சேர்ந்துகொண்டால் களைப்பு. ஆனால் எங்கள் ஊருக்கென்று ஒரு தனிக் காரணம் உண்டு. அது காற்று.

ஆனி பிறந்தால் மேற்கே மலையிடுக்குகளிலிருந்து காற்று புறப்பட்டு விடுகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன. திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் எங்கள் தோழியருக்குக் காலையில் கஷ்டமில்லை. காற்று முதுகைத் தள்ளிக் கொண்டுவந்து விடும். மாலையில்தான் சோதனை. முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை தாண்டி, 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் ஏறும்போது தாமிரபரணியின் மேல் தடுப்பில்லாமல் வரும் காற்று முகத்தில் அடிக்கும். ஜங்ஷனைக் கடந்தால் ஈரடுக்கு மேம்பாலம். பெரிய வண்டிகளுக்கு மேல்தளம், சிறு வண்டிகளுக்குக் கீழ்த்தளம் என்று 1970-களில் நம் பொறியாளர்கள் கட்டியது அது. ஆயினும் ஏற்றம் ஏற்றந்தான்!

இந்த இரண்டு துன்பங்களையும் பௌதிகப் பாடத்தின்படி கணக்கிட்டுப் பார்த்தோம். மாணவி 50 கிலோ, வண்டி 24 கிலோ, பை 6 கிலோ, ஆக 80 கிலோ. பாலத்தில் ஆறு மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் அதற்கான வேலை ஏறத்தாழ 4,700 ஜூல். ஒரு நிமிடத்தில் ஏறினால் 78 வாட். பயிற்சி இல்லாத ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடிய திறனே 75 முதல் 100 வாட் வரைதான் என்கிறார்கள். காற்று இன்னும் மோசம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறும். நாம் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்று 20 கிலோமீட்டரில் வந்தால் 35 கிலோமீட்டர் காற்றில் போவதற்குச் சமம். எதிர்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது. பாலத்து ஏற்றமாவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆடிக்காற்று வீட்டு வாசல்வரை விடாது. மோட்டார் தரும் 200 வாட் சொச்சம் இந்த இடத்தில் ஆடம்பரம் அன்று, கைகொடுக்கும் துணை என்பதே எங்கள் எண்ணம்.

இனி சௌகரியம். கடைக்காரர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்கிறார்கள். சீட்டு மெத்தென்று இருப்பதைக் கையால் அழுத்திக் காட்டுகிறார்கள். கையால் அழுத்தினால் எந்தச் சீட்டும் மெத்தென்றுதான் இருக்கும். உண்மையில் பார்க்க வேண்டியது உட்காரும் நிலை. ஹேண்டில்பார் சற்று உயர்ந்து, நம் பக்கமாக வளைந்து வந்தால் முதுகு நிமிரும், கை மணிக்கட்டில் பாரம் விழாது, எதிரே வரும் மாட்டையும் மினி பஸ்ஸையும் நன்றாகப் பார்க்கலாம். டயர் சற்று அகலமாக இருந்தால் ரோட்டுப் பள்ளங்கள் இடுப்பில் தெரியா. செயின் கவர் முழுமையாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பல புதிய வண்டிகளில் அழகுக்காக அதை விட்டுவிடுகிறார்கள். சேலை முந்தானையும் தாவணியும் சுடிதார் துப்பட்டாவும் அந்த அழகை மெச்சுமா? பின்சக்கரத்தில் துணி சிக்காமல் வலைத்தடுப்பும் வேண்டும்.

குறுக்குக் கம்பி இல்லாததில் ஒரு நஷ்டமும் உண்டு. அந்தக் கம்பிதான் வண்டியின் உடம்பை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்திருப்பது. அதை எடுத்துவிட்டால் கீழ்க்கம்பி தடிமனாக இருந்தாக வேண்டும், எடையும் கூடும். மலிவான வண்டியில் கேரியரில் கனமான பையை வைத்து ஓட்டினால் ஹேண்டில்பார் ஆடுவதை உணரலாம். பேட்டரியையும் கேரியரின் மேலேயே பொருத்திய வண்டிகளில் இந்த ஆட்டம் அதிகம். பேட்டரி தாழ்வாக, சீட்டுக் கம்பியை ஒட்டி இருப்பதே நல்லது. மேலும், சார்ஜ் தீர்ந்துவிட்டால் இருபது கிலோவுக்கு மேற்பட்ட அந்த வண்டியை மிதித்துக்கொண்டு போவது சாதாரண சைக்கிளைவிடக் கடினம். வீட்டு வாசற்படி உயரமானால் யார் தூக்கி வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மோட்டார் எப்படி உதவிக்கு வருகிறது என்பதிலும் வண்டிக்கு வண்டி வேறுபாடு இருக்கிறது. சிலவற்றில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் கருவி இருக்கும். அது ஒரு கணம் தாமதித்துத் திடீரென்று தள்ளும். நெரிசலில் முன்னால் போகிறவர் மேல் இடிக்க அதுவே போதும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து அதற்கேற்ப உதவும் வண்டிகள் இதமானவை, விலைதான் கூடுதல். எதுவானாலும் பிரேக்கைப் பிடித்த மாத்திரத்தில் மோட்டார் நிற்க வேண்டும். இதைக் கடை வாசலிலேயே ஓட்டிப் பார்த்து அறியலாம். ஜப்பானில் யமஹா நிறுவனம் 1993-இலேயே மிதிப்பவரின் பலத்துக்கேற்ப உதவும் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் இப்போது விற்கும் புதுச் சைக்கிள்களில் ஏறத்தாழப் பாதி மின் மிதிவண்டிகளாம். அது மேடு பள்ளமில்லாத நாடு. அவர்களுக்கும் எதிர்க்காற்றுதான் தொல்லை என்று அறிந்தபோது எங்களுக்கு அவர்கள்மேல் ஒரு பாசமே பிறந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். 250 வாட்டுக்கு உட்பட்ட திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் உடைய வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. லைசென்சும் பதிவும் வேண்டா. ஸ்கூட்டர் அப்படியன்று. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் பதினாறு. 2019-இல் திருத்திய சட்டப்படி வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அப்படியிருந்தும் பதினைந்து வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் டியூஷனுக்கு வருகிறவர்கள் இல்லையா? "பேட்டரி வண்டிதானே" என்று சொல்லி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியைச் சிறுமிகளுக்கு விற்பவர்களும் உண்டு. அது சைக்கிள் அன்று. பெடல் ஒட்டியிருப்பதால் மட்டும் அது சைக்கிளாகிவிடாது.

செலவுக்கு வருவோம். பேட்டரியின் மேல் 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 270 வாட்-மணி. 1,000 வாட்-மணி ஒரு யூனிட். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு முறை சார்ஜுக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான். மிதித்துக்கொண்டே ஓட்டினால் இருபத்தைந்து கிலோமீட்டரை ஒட்டிப் போகும். மிதிக்காமல் சும்மா உட்கார்ந்தால் அவ்வளவு போகாது. ஓட்டும் செலவு இவ்வாறு அற்பமானாலும் வாங்கும் விலை அற்பமன்று. நல்ல வண்டி முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. சில ஆண்டுகளில் பேட்டரி சோர்ந்து போகும். புதுப் பேட்டரியின் விலை ஒரு சாதாரண சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும்.

இங்கேதான் எங்கள் வகுப்பில் வாக்குவாதம் முற்றியது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் சேருவோருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அது வாசலுக்கு வரும்போது முப்பதாயிரம் எதற்கு என்றார்கள் பலர். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்களுக்கு இந்த வாதம் முற்றிலும் சரி. அவர்களுக்கு மோட்டார் வேண்டா. ஒரு நல்ல எண்ணெயும் காற்று அடித்த டயரும் போதும். ஆறேழு கிலோமீட்டர் காற்றில் போகிறவர்களுக்கோ மின் மிதிவண்டி வேண்டியதே. ஆனால் அதை மகளுக்கென்று மட்டும் வாங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எண்ணிப் பாருங்கள். நாங்கள் ஒன்பது மணிக்கு வகுப்பில் நுழைந்தால் நான்கு மணிக்கு மேல்தான் வெளியே வருவோம். அதுவரை வண்டி கொட்டகையில் தூங்குகிறது. அதே நேரத்தில் அம்மா மார்க்கெட்டுக்கும் ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டோ அப்பாவின் ஓய்வு நாளைப் பார்த்துக்கொண்டோ இருக்கிறார். காலை ஒரு நாள் நாங்கள் தோழியருடன் பஸ்ஸில் வந்தால் அன்று வண்டி அம்மாவுடையது. சேலையுடன் ஏற வசதியாகக் கம்பியைத் தாழ்த்தியது யாருக்காக? சீட்டை ஏற்றி இறக்கும் திருகு எதற்காக? கல்யாணத்துக்குப் பின் சைக்கிளை விட்டுவிட்ட எத்தனையோ தாய்மார் முழங்கால் வலியைக் காரணம் சொல்கிறார்கள். முழங்காலுக்கு அதிகம் வேலை வைக்காத சைக்கிள் இப்போது வந்துவிட்டது. கடையில் ஓட்டிப் பார்க்கும்போது முதலில் அம்மா ஓட்டட்டும், பிறகு மகள் ஓட்டட்டும். அம்மாவுக்குப் பயமாயிருந்தால் அந்த வண்டி வேண்டா.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. ஹெல்மெட் சட்டப்படி வேண்டா என்றாலும் போட்டுக்கொள்வோம். இருட்டுமுன் விளக்கைப் போடுவோம். டபுள்ஸ் ஏற்ற மாட்டோம் (இதற்கு மட்டும் வகுப்பில் பலத்த எதிர்ப்பு இருந்தது). ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் மோட்டாரை இறக்க மாட்டோம். பேட்டரியை வண்டியோடு வந்த சார்ஜரிலேயே, விழித்திருக்கும் நேரத்தில், துணி மெத்தை இல்லாத இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்வோம். வெயிலில் கொதித்த பேட்டரியை உடனே மின்சாரத்தில் மாட்டுவதும் ஆகாது.

அருட்சகோதரிகளிடம் எங்கள் விண்ணப்பம் சிறியது. பேட்டரியைக் கழற்றி வீட்டிலேயே சார்ஜ் செய்து கொள்வதால் பள்ளியில் மின் இணைப்பு எதுவும் வேண்டா. கொட்டகையின் மேற்குப் பக்கம் மட்டும் மாலை வெயில் நேராக விழுகிறது. அங்கே ஒரு ஓலைத்தட்டி கட்டித் தந்தால் போதும்.