மாஞ்சோலைக் குளிரும் கீழே காத்திருக்கும் தெருவும்

நாங்குநேரியில் குளிர் ஒரு பெரிய விஷயமல்ல. மார்கழி விடியலில் தலையில் ஒரு துண்டு, டீக்கடை வாசலில் ஒரு டீ, கொஞ்ச நேரத்தில் வெயில் வந்துவிடும். ஆனால் மேற்கே பார்த்தால் களக்காடு மலை பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும். அதே மலைத்தொடரில் இன்னும் வடக்கே, மணிமுத்தாறுக்கு மேலே, 1000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கின்றன மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. போய்வந்த நண்பர்கள் போடும் ரீல்ஸில் பனிமூட்டம் இருக்கும், தேயிலைச் செடி இருக்கும். அந்தப் பனிக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

அங்கே குளிர் தனியாக வருவதில்லை, மழையோடு வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டின் மழையளவுப் பட்டியலைப் பாருங்கள், ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி மேலே நிற்கும். காய்ந்த துணி இருந்தால் குளிரைத் தாங்கிவிடலாம். நனைந்த துணி உடம்பின் சூட்டையே உறிஞ்சிவிடும். கொழுந்து பறிப்பவர் நாள் முழுக்க இடுப்பளவு ஈரச் செடிக்குள் நிற்கிறவர். சாயங்காலம் லைன் வீட்டுக்குத் திரும்பினால் இருக்கும் ஒரே அடுப்பில்தான் சோறு, வெந்நீர் எல்லாம். நாளைக்கு உடுத்த வேண்டிய துணி உலர்வதும் அதன் மேல்தான்.

மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் நமக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அடுப்பை வெளியே எடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்கிறோம். சரியான அறிவுரைதான், உயிரைக் காக்கும். ஆனால் ஓட்டுக் கூரை ஒழுகுகிற, ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டுக்கு அந்த அறிவுரை பாதி வழிதான் காட்டும். மீதி வழி கூலியில் இருக்கிறது. கூரையிலும், விறகிலும், ராத்திரி நெஞ்சு அடைத்தால் ஓட ஒரு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்கு இது தெரிந்திருந்தது. வீடு, மருத்துவம், குடிநீரோடு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு தர முதலாளிகளைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்று அதில் தனிப் பிரிவே இருந்தது. கம்பளியைப் பற்றி யோசித்த சட்டம்! ஆனால் எல்லாவற்றையும் முதலாளி கையில் கொடுத்து, வேலையோடு கட்டிப்போட்டது. வேலை போனால் கூரையும் போகும், கணப்பும் போகும். பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு ஓடுகூட அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை.

இவர்கள் ஏன் அந்தக் குளிருக்கு ஏறினார்கள்? 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டைத் திருத்தித் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தது. ஏறியவர்களில் பெரும்பான்மையோர் சமவெளியில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். மேலேயும் சுரண்டல்தான். துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு லைன். ஆனால் பண்ணையார் வயல் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த தெரு இல்லை. சாதியிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பதற்குக் கொடுத்த விலைதான் அந்தக் குளிர் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வாழ்க்கைக்குக் கூலி உயர்வு கேட்டு, சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டு, 1999 ஜூலை 23 அன்று நெல்லைக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தபோதுதான் போலீஸ் தடியடியில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்கள் வேலையிலிருந்து இறக்கப்பட்டார்கள். தோட்டத்தை அரசின் 'டான்டீ' ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. மறுவாழ்வு தந்தால் போதும் என்றது. ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி, மணிமுத்தாறில் வீடு என்று பேச்சு. சிமெண்டு வீடு, குளிர் இல்லை, வேறென்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு.

நாங்குநேரிக்காரனாக நான் பதில் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதுவும் குளிர் இல்லாத ஊரில், சுவரும் கூரையும் கதவும் உள்ள வீடுதான். சமவெளியில் வீடு தருகிறோம் என்று அரசு சொல்லும்போது எந்தத் தெருவில், யாருக்கு நடுவில், என்ன வேலையை நம்பி என்று கேட்காமல் எப்படி இருப்பது?

புலிகளுக்காக என்பார்கள். நானும் காடு வேண்டும் என்கிறவன்தான். ஆனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது 1988-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காட்டைக் குத்தகைக்கு விட்டவர் ஜமீன். வெட்டித் தேயிலை விற்றது கம்பெனி. குளிர் காய்ந்தவர்கள் அவர்கள். ஆக்கிரமிப்பாளர் பட்டம் மட்டும் கொழுந்து பறித்தவருக்கு.

தோழர்களே, தீர்ப்புக்குப் பிறகும் சில குடும்பங்கள் மேலேயே இருந்தன. கம்பெனி நடத்திய இடத்தில் கம்பெனி விலகினால் டாக்டர் யார், மருந்து யார், உடைந்த ஓட்டை மாற்றுவது யார்? யாரையும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. ஒரு ஐப்பசியும் கார்த்திகையும் போதும், மழையும் குளிருமே வெளியேற்றிவிடும். அதனால் கடைசிக் குடும்பம் அங்கே இருக்கும்வரை மருத்துவரும் பஸ்ஸும் மின்சாரமும் ரேஷனும் அரசின் பொறுப்பு என்று கேட்போம். இறங்குகிறவர்களுக்கு வீட்டோடு நிலமும் வேண்டும், அந்தப் பட்டா கொழுந்து பறித்த பெண்ணின் பேரில் வேண்டும். அடுத்த முறை மாஞ்சோலைக்கு பெர்மிட் வாங்கிப் போகிறவர்கள், பனிமூட்டத்தைப் படம் பிடித்த பிறகு அந்த லைன் வீடுகளின் பக்கமும் கொஞ்சம் நடந்து பாருங்கள்.