ஆசிரியர் யாராயினும் மொழி அறிதல் வேண்டும்

ஆந்திரப் பிரதேசத்துப் பழங்குடிப் பகுதிப் பள்ளிகளுக்கு வெளியூர் ஆசிரியர் ஒழுங்காக வருவதில்லை என்பது பழங்குறை. அதனைப் போக்கக் கருதிய மாநில அரசு, அங்குள்ள ஆசிரியப் பதவிகள் அனைத்தும் அவ்விடத்துப் பழங்குடியினர்க்கே உரியவை என 2000ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. வழக்கு இருபதாண்டு நீடித்தது. 2020 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. முன்னர் நியமனம் பெற்றோரை நிபந்தனையுடன் காத்தது.

பிறர்க்கு வாயிலை முற்றாக அடைத்தல் முறையன்று என்பதை யானும் ஒப்புவேன். ஆயின், ஆணை நீங்கியதனால் அதற்குக் காரணமான குறையும் நீங்கிவிடுமோ? நூறா, ஐம்பதா என்னும் வாதத்திடையே கோயாவும் சவராவும் பேசும் பிள்ளைகளை நினைப்பார் யார்? மாணாக்கன் ஏற்கும் திறமறிந்து கற்பிக்குமாறு நன்னூலார் ஆசிரியனுக்கு விதித்தார். பிள்ளையின் மொழியறியாதார் அத்திறத்தை எங்ஙனம் அறிவர்?

ஆதலின், அம்மொழியறிவு பதவிக்குரிய தகுதியாகவும், ஊரிலே தங்கிக் கற்பித்தல் கடமையாகவும் விதிக்கப்படல் வேண்டும். இவை பிறப்பை வினவா. முயல்வார் எவரும் எய்தத்தக்கவை. அம்மொழியிலே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர் தாமாகவே முன்னிற்பர். பதவி யாருக்கு என்று வினவுமுன், பள்ளி யாருக்கு என்று வினவுவதே அறம்.