கடைசி வரிசையில் ஒரு மாணாக்கர்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, வெள்ளவத்தையில் வசிக்கும் என் தங்கை முகத்தில் கவலை தோன்ற என் வீட்டுக்கு வந்தாள். வைத்த தேநீர் ஆறிப்போகும் வரை ஒன்றும் பேசாதிருந்தவள், பின்பு, "அண்ணா, உங்கள் மச்சானுக்கு இந்த வயதில் பந்தயம் ஓடும் ஆசை பிடித்துவிட்டது. நீங்கள்தான் ஒரு நியாயம் சொல்லவேண்டும்" என்றாள்.

என் மைத்துனருக்கு வயது 42. கணக்காளராக உத்தியோகம் பார்ப்பவர். சீட்டு, சிகரெட்டு ஒன்றும் அறியாதவர். கந்தோரை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கந்தோர் என்று இருபது வருடங்களைக் கழித்தவர். அத்தகைய மனிதர் கந்தோர் நண்பர்களுடன் ஒரு நாள் பொழுதுபோக்காகக் கோ-கார்ட் ஓட்டிப் பார்த்தார். அன்று தொடங்கியது வினை. இப்பொழுது பழைய கார்ட் ஒன்றை வாங்கிப் போட்டிகளில் இறங்கவேண்டும் என்கிறார். தங்கையின் கவலைக்குக் காரணம் பணம் மாத்திரம் அன்று. மைத்துனருடைய தந்தையார் 45 வயதில் மாரடைப்பினால் காலமானவர். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கு விளங்கிற்று.

நியாயம் சொல்ல வேண்டியவன் வழக்கை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே சில நாட்கள் இவ்விஷயத்தைப் பற்றி வாசித்தேன். விஷயம் அறிந்தவர்களிடம் விசாரித்தேன். நான் அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்கின்றேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக் கூடும்.

கோ-கார்ட் என்றதும் சிறுவர்களின் விளையாட்டு வண்டி என்று நாம் எண்ணுகின்றோம். அது தவறு. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவரே முதல் கார்ட்டைச் செய்தார். பந்தயக் கார்கள் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த அவர், இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டி, புல்வெட்டும் இயந்திரத்துக்கென்று செய்யப்பட்ட சிறிய எஞ்சினைப் பூட்டி, தாமே ஏறி ஓட்டினார். வளர்ந்த மனிதர் ஒருவர் தமக்காகச் செய்துகொண்ட வண்டி அது. பசடேனா நகரத்து விளையாட்டரங்கின் வாகனத் தரிப்பிடத்தில் அவரும் நண்பர்களும் ஓட்டியதைக் கண்டவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டனர். மோகம் உலகெங்கும் பரவியது. 1962இல் இவ்விளையாட்டுக்கென்று சர்வதேச ஆணைக்குழு அமைந்தது. 1964இல் இத்தாலியரான குவிடோ சாலா முதலாவது உலக வீரரானார்.

இவ்வண்டியின் அமைப்பு விநோதமானது. அதிர்ச்சி தாங்கும் வில் ஒன்றும் அதில் இல்லை. பின் சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்திலேயே சுழலும். வளைவில் வெளிப்பக்கச் சில்லு அதிக தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும் என்பது நாம் அறிந்ததே. சாதாரணக் காரில் அதற்கென்று ஒரு பற்சக்கர ஏற்பாடு உண்டு. கார்ட்டில் அது இல்லை. ஆகவே, சுக்கானைத் திருப்பும்போது வண்டியின் சட்டமே சற்று முறுகி, உட்பக்கத்துப் பின்சில்லு தரையை விட்டுச் சிறிது எழும்ப வேண்டும். எழும்பினால் வண்டி வளையும். எழும்பாவிட்டால் பிடிவாதமாக நேரே போகப் பார்க்கும். இதை அறியாமல் வலுவை மாத்திரம் நம்புகின்றவர், சில்லுகளோடு மல்லுக்கட்டி வேகத்தை இழக்கின்றார்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனருடன் புறப்பட்டேன். காலி வீதியால் பாணந்துறை வரை சென்று, உள்நோக்கித் திரும்பினால் பண்டாரகமை வரும். கார்ட் ஓடுபாதை ஒன்று அங்கே உண்டு. அன்று நண்பர்கள் சிலர் வாடகைக் கார்ட்டுகளில் தங்களுக்குள் ஒரு சிறு போட்டி ஒழுங்கு செய்திருந்தனர். வீட்டுப் படியில் நின்று வழியனுப்பிய தங்கை, கணவரை நோக்காமல் என்னையே நோக்கினாள்.

போட்டி தொடங்கிற்று. மைத்துனர் முதலாவது வளைவுக்குள் மிக்க தைரியமாகப் பாய்ந்தார். பாய்ந்தவர் பம்பரமாகச் சுழன்று, வந்த திசையையே நோக்கி நின்றார். மீண்டும் புறப்படுவதற்குள் எல்லோரும் போய்விட்டனர். பின்னர், பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் ஒரு சுற்று முழுவதும் முந்தி வந்து, அவரைக் கடந்து சென்றான். முடிவில் மைத்துனர் கடைசி. தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவருடைய முகம் சிவந்திருந்தது. அது வெயிலினால் மாத்திரம் வந்த சிவப்பு அன்று.

அந்தப் பையன் மரியாதையுடன் அருகில் வந்து, "மாமா, நீங்கள் வளைவுக்குள் போன பிறகு பிறேக் போடுகிறீர்கள். நேராக ஓடும்போதே பிறேக்கை முடித்துவிடுங்கள்" என்றான். மைத்துனர் சிறிது நேரம் அவனையே பார்த்தார். பின்பு, "எந்த இடத்தில் தொடங்கவேண்டும் தம்பி? நடந்து காட்டுவாயா?" என்று கேட்டார். கந்தோரில் பலருடைய கணக்குகளைத் திருத்துகின்ற மனிதர், ஓடுபாதையோரத்தில் ஒரு மாணவன் பின்னே மாணவராக நடந்து சென்றதைக் கண்டேன்.

நேயர்களே, அந்தப் பையன் சொன்னதே இக்கலையின் அரிச்சுவடி. பெரும்பாலான கார்ட்டுகளில் பிறேக் பின்சில்லுகளுக்கு மாத்திரமே உண்டு. வளைவின் நடுவே அதை அழுத்தினால் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழலும். ஆகவே நேரான இடத்திலேயே பிறேக் போட்டு, பாதையின் வெளியோரத்திலிருந்து வளைவின் உள்முனையைத் தொட்டு, மறுபடியும் வெளியோரத்துக்கு வண்டியை விடவேண்டும். புகும்போது மெதுவாகப் புகுந்தவர் வெளிவரும்போது விரைவாக வருவார். நீண்ட நேர்ப்பாதைக்கு முன்னே வரும் வளைவில் இது மிகவும் முக்கியம். அங்கே பெற்ற சிறு வேகம் நேர்ப்பாதை முடியும் வரை உடன் வரும். இடது காலினால் பிறேக், வலது காலினால் அக்சிலரேற்றர். இரண்டையும் ஒருங்கே மிதித்தல் கூடாது. கண்கள் முன்னே செல்லும் வண்டியின் பின்புறத்தில் தங்காமல், அடுத்த வளைவைத் தேடவேண்டும்.

வயது வந்தவர்களுக்கு இது ஏன் கடினமாக இருக்கின்றது? பலமோ பார்வையோ குறைந்ததனால் அன்று. சிறுவன் விழுந்தால் எழும்புவான். கடைசியாக வந்தால் அழுதுவிட்டு மறப்பான். நமக்கோ பதவி உண்டு, மதிப்பு உண்டு. பிறர் முன்னிலையில் ஒன்றும் தெரியாதவராக நிற்பது நமக்குப் பழக்கமில்லை. அந்த வெட்கத்தை மறைப்பதற்கே அளவுக்கு மிஞ்சிய வேகத்துடன் வளைவுக்குள் பாய்கின்றோம். தைரியம் என்று நாம் எண்ணுவது பல வேளைகளில் வெட்கமே.

பிரித்தானியாவில் இதற்கு ஒரு நல்ல வழக்கத்தை வகுத்தார்கள். அங்கே கார்ட் போட்டிகளுக்குப் புதிதாக வருகின்றவர் கறுப்புத் தகட்டில் வெள்ளை இலக்கத்துடன், வரிசையின் கடைசியிலிருந்து புறப்படவேண்டும் என்று விதி செய்தனர். நம் வீதிகளில் 'எல்' பலகை மாட்டிய காரைப் போன்றது அது. குறித்த சில போட்டிகளை ஒழுங்காக ஓடிமுடித்த பின்னரே அந்தத் தகட்டை மாற்றலாம். பின்னால் நிற்பவர் முன்னே ஓடுகின்றவர்களின் வழியைப் பார்த்துக் கற்கலாம். பிறருக்கும் அவரால் இடைஞ்சல் குறைவு. கடைசி இடம் தண்டனையன்று. அது மாணாக்கருக்குரிய ஆசனம்.

உலகப் புகழ் பெற்ற பிரேசில் தேசத்து வீரர் அயர்ட்டன் சென்னாவை நேயர்கள் அறிவீர்கள். கார் பந்தயத்தில் மூன்று முறை உலக வீரரான அவர், 1979இலும் 1980இலும் உலக கார்ட் போட்டியில் இரண்டாம் இடத்தையே பெற்றார். கார்ட்டின் உலகப் பட்டம் அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை. அவருக்கே அப்படியென்றால், கணக்காளர் ஒருவர் முதல் நாளிலேயே வெல்லாததில் அவமானம் என்ன?

இனி, தொடங்க விரும்புகின்றவர்களுக்குச் சில வார்த்தைகள். வாடகைக் கார்ட்டில் பல மாதங்கள் பழகாமல் சொந்த வண்டி வாங்கவேண்டாம். ஒவ்வொரு முறையும் சுற்றுக்குரிய நேரங்களைக் குறித்து வையுங்கள். மிக விரைவான ஒரு சுற்றைப் பார்த்து மகிழவேண்டாம். பத்துச் சுற்றுகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசம் சுருங்கினால் கற்றுக்கொள்கிறீர்கள் என்பது பொருள். வண்டி வாங்கும் காலத்தில், விலையோடு செலவு முடிவதில்லை என்பதை மறவாதீர்கள். ரயர் தேயும், சங்கிலி மாற்றவேண்டும், இரண்டடி எஞ்சினுக்குப் பெற்றோலில் எண்ணெய் கலக்கவேண்டும், குறித்த மணித்தியாலங்கள் ஓடியதும் அதைப் பிரித்துப் புதுப்பிக்கவேண்டும். நான்கடி எஞ்சின் வேகத்தில் குறைந்ததாயினும் பணப்பைக்கு இரக்கம் காட்டும்.

உடல் எடையும் இங்கே ஒரு கணக்கு. வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து நிறுத்து, குறித்த எடைக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது போட்டிகளின் விதி. மெலிந்தவர் ஈயம் கட்டிக்கொண்டு ஓடுவார். பருத்தவர் தம் சதையையே சுமந்து ஓடுவார். ஆகவேதான் வயது வந்தவர்களுக்கென்றும் பிரிவுகள் ஏற்படுத்தினர். ரொட்டாக்ஸ் எஞ்சினுக்குரிய போட்டிகளில் 32 வயதைக் கடந்தவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று உண்டு. தமக்குரிய பிரிவைத் தேடிச் சேர்தல் புத்தி.

ஆபத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கார்ட்டில் சாதாரணமாக ஆசனப் பட்டி இல்லை, மேற்கூண்டும் இல்லை. முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் சப்பாத்து, தடித்த உடை ஆகியவை கட்டாயம். கடினமான ஆசனம் வளைவுகளில் விலா எலும்பை நெரிக்கும். அதற்கென்று விலாக் கவசம் விற்கின்றார்கள். பெண்களும் இவ்விளையாட்டில் நன்றாக ஓடுகின்றனர். ஆனால் நீண்ட கூந்தலையும், துப்பட்டாவையும், சேலைத் தலைப்பையும் தொங்கவிட்டு ஏறுதல் மரணத்தை அழைப்பதாகும். சுழலும் அச்சில் அவை சிக்கி உயிர்கள் போயிருக்கின்றன. கூந்தலை இறுகக் கட்டி உடைக்குள் விடவேண்டும். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். கொடிகளையும் படியுங்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. நீலம் என்றால் விரைவான வண்டி பின்னே வருகின்றது. சிவப்பு என்றால் போட்டி நிறுத்தப்பட்டது.

திரும்பி வரும் வழியில் மைத்துனரிடம் கேட்டேன்: "மச்சான், தோற்பதற்காகவா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?"

அவர் சிறிது நேரம் வீதியையே பார்த்தபடி இருந்தார். "கந்தோரில் என் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். அங்கே என்னைத் திருத்த ஆள் இல்லை. எனக்கும் கற்க ஒன்றும் மீதியில்லை. அப்பா போன வயதுக்கு எனக்கு இன்னும் மூன்று வருடங்கள் இருக்கின்றன. அதுவரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இங்கே வந்தால், போன கிழமை தெரியாத ஒன்று இந்தக் கிழமை தெரிகிறது" என்றார்.

அவருடைய அச்சமும் என் தங்கையின் அச்சமும் ஒன்றே என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவர் அதனால் வீட்டின் கதவைச் சாத்தப் பார்க்கின்றார். மற்றவர் திறக்கப் பார்க்கின்றார். இருவரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு இருவரையும் ஒன்றாக இருத்தி, அந்தப் பேச்சை முதலில் பேச வைத்தேன். அது சுலபமாக இருக்கவில்லை. தங்கை அழுதாள். பின்பு என் தீர்ப்பைச் சொன்னேன். முதலாவது, இருதய வைத்தியரிடம் சென்று, குடும்பத்து வரலாற்றைச் சொல்லி, பரிசோதனை செய்விக்கும் வரை ஓடுபாதையில் கால் வைத்தல் கூடாது. வைத்தியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாவது, பிள்ளைகளின் படிப்புக்குரிய பணத்தில் ஒரு சதமும் தொடக்கூடாது. மூன்றாவது, ஒரு வருடம் வரை சொந்த வண்டி இல்லை. வாடகை வண்டியே போதும். மைத்துனர் மூன்றுக்கும் இணங்கினார். தங்கை தன் பங்குக்கு நான்காவது நிபந்தனை ஒன்றைச் சேர்த்தாள்: அடுத்த முறை தானும் உடன் வருவாள்.

வைத்தியர் பரிசோதித்து அனுமதி கொடுத்தார். கூடவே, எடையில் சிறிது குறைக்கும்படியும் கட்டளையிட்டார். சென்ற ஞாயிறு அவர்கள் போய்வந்தனர். மாலையில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"எத்தனையாம் இடம்?" என்று கேட்டேன்.

"கடைசிக்கு முந்தின இடம், அண்ணா" என்றாள். பின்பு, "ஒரு தரமும் சுழலவில்லை" என்று சேர்த்துச் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபோது, மைத்துனருக்கு இனி என் வக்காலத்து அவசியமில்லை என்று தெரிந்துகொண்டேன்.