பூட்டை உடைக்காத திருடன்

புனேவுக்குப் பொட்டி தட்ட வந்து பதினோரு வருஷமாச்சு. இந்தப் பிழைப்புல யாரும் தொட விரும்பாத ஆணி ஒண்ணு உண்டு. டேட்டாபேஸுக்குள்ள யார் யார் எப்போ வந்தாங்கன்னு லாகின் ஹிஸ்டரியைப் பார்க்கறது. போன மாசம் அது என் தலையில விழுந்துச்சு.

எங்க டேட்டாபேஸ் இருக்கறது ஸ்னோஃப்ளேக்ல. அதுல ஒரு வருஷத்துக்கான வருகைப் பதிவேடே இருக்கு. எந்த யூசர், எந்த ஐபி, பாஸ்வேர்டோட மட்டும் வந்தாரா, ரெண்டாவது சரிபார்ப்பும் நடந்துச்சா, எல்லாம் தெரியும். முதல்ல பார்த்தப்போ மொத்த டீமும் ராத்திரியில வேலை பார்த்த மாதிரி இருந்துச்சு. டைம்ஸோனை மாத்தாம விட்டா அது லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தைக் காட்டும்ங்கறது அப்புறம்தான் உறைச்சுது!

எல்லாரையும் போல நானும் தோல்வியடைஞ்ச லாகின்களை மட்டும் வடிகட்டினேன். திங்கட்கிழமை காலையில பாஸ்வேர்டை மறந்த கோஷ்டிதான். சரி, முடிஞ்சுதுன்னு மூடப் போனவன், ஏதோ தோணி வெற்றியடைஞ்ச லாகின்களையும் பார்த்தேன். எட்டு மாசம் முன்னாடி வேலையை விட்டுப் போன ஒருத்தரோட ஐடி, தினமும் விடிகாலை மூணு மணிக்கு, வெறும் பாஸ்வேர்டோட உள்ளே வந்துட்டிருந்துச்சு. வயித்துல புளியைக் கரைச்சுது. விசாரிச்சா, அவர் எழுதி வெச்சுட்டுப் போன ஸ்க்ரிப்ட் எங்க மெஷின்லயே ஓடிட்டிருக்கு. திருடன் இல்லை. ஆனா திருடனா இருந்திருந்தாலும் பதிவேட்டுல இதே மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

நான் சொல்ல வர்றது இதைத்தான். கதவைத் தட்டித் தோத்துப் போறவனைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சாவி போட்டுத் திறந்து வர்றவனைத்தான் பார்க்கணும். 2024ல ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்கள்கிட்ட நடந்த திருட்டு அப்படித்தான். சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போச்சு. யாரும் பூட்டை உடைக்கலை. வைரஸ் வழியா எப்பவோ திருடின பாஸ்வேர்டுகள், சிலது 2020லயே திருடினது. வருஷக்கணக்கா யாரும் மாத்தலை, ரெண்டாவது சரிபார்ப்பும் இல்லை. நம்ம ஊர்ல செர்ட்-இன் 2022ல போட்ட உத்தரவுப்படி லாகெல்லாம் 180 நாள் வெச்சிருக்கணும். வெச்சிருக்கச் சொல்றது அரசாங்கம். படிக்கறது நம்ம வேலையாச்சே, அதை யார் செய்யறோம்?

அன்னிக்கு ராத்திரி மனசு கேக்காம மன்னார்குடிக்குப் போன் போட்டேன். அப்பாவை அவர் போன்ல ஜிமெயிலைத் திறக்கச் சொல்லி, எந்தெந்தக் கருவியில உள்ளே இருக்குன்னு ஒவ்வொண்ணா வாசிக்கச் சொன்னேன். அவர் போன் ஒண்ணு. என் பழைய லேப்டாப் ஒண்ணு. மூணாவதா ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்.

"அது யாருதுப்பா?"

"பென்ஷன் பேப்பர் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்ல, அந்தத் தம்பிதான் போட்டுக் குடுத்துச்சு. நல்ல பையன்டா."

நல்ல பையனாவே இருக்கட்டும். ஆனா பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆதார், வீட்டுப் பத்திரத்தோட ஸ்கேன்னு எல்லாம் இருக்கற பெட்டி, தினமும் நூறு பேர் வந்து போற கடையில திறந்தே கிடந்திருக்கு. வெளியேத்தி, பாஸ்வேர்டை மாத்தி, ரெண்டாவது சரிபார்ப்பைப் போட இருபது நிமிஷமாச்சு. என் லேப்டாப்பையும் எடுத்துடச் சொன்னேன். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சம்பளத்துக்காகக் கம்பெனி டேட்டாவைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறோம். ஊர்ல தனியா இருக்கற அப்பா அம்மாவோட கணக்கை எப்பவாவது பார்த்திருக்கோமா? இந்த ஞாயித்துக்கிழமை போன் பேசும்போது, சாப்பிட்டீங்களான்னு கேட்டதுக்கப்புறம் இதையும் ஒரு வார்த்தை கேளுங்க.